ஆலங்குடியில் அவகாடோ டோஸ்ட்: யாருக்கும் காய்ச்சல் இல்லை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்சியிலிருந்து ஆலங்குடிக்குக் கிளம்பினேன். கோயில் பார்க்க இல்லை, அவகாடோ டோஸ்ட் செய்ய. குவைத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா லீவில் ஊருக்கு வந்திருந்தாள். திரும்பிப் போக அவளுக்கு மனசில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அம்மாவை போனில் பார்த்தே வளர்ந்தவள். ரோட்டைப் பார்த்த முன்ரூமில், குவைத்தில் போட்டுப் பழகிய இந்த டோஸ்ட்டை வைத்துக் காலை டிபன் கடை போடலாம் என்பது ஸ்டெல்லாவின் திட்டம். ஆனால் ரூம் மாமியார் அன்னம்மாளுடையது, தேங்காய் அடைத்துக் கிடக்கிறது. சனிக்கிழமை டோஸ்ட் சாப்பிட்டுப் பார்த்து அவர் சரி என்றால் கடை. இல்லையென்றால் திங்கட்கிழமை ஏஜென்டிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட வேண்டும்.

திருச்சி மார்க்கெட்டில் நாலு பழம் வாங்கினேன், கிலோ 280 ரூபாய். கீரனூரில் ஆபீஸ் கூட்டம் இறங்கிய பிறகுதான் பஸ்ஸில் சீட் கிடைத்தது. புதுக்கோட்டையில் பஸ் மாறினால் ஆலங்குடி இருபது கிலோமீட்டர் சொச்சம். திருவரங்குளம் தாண்டியதும் கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, மாங்காயா?"

"அவகாடோ."

"இனிக்குமா?"

"இனிக்காது."

"புளிக்குமா?"

"புளிக்காதுங்க."

"அப்பறம் எதுக்குங்க வாங்குனீங்க?"

பதில் சொல்வதற்குள் அவர் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

ஆலங்குடியில் இறங்கி, ஸ்டெல்லா வீட்டுத் தெருமுனை பேக்கரியில் ரெண்டு பாக்கெட் பிரெட் வாங்கினேன். "எந்த வீட்டுக்குங்க?" என்றார் கடைக்காரர். சொன்னேன். முகம் வாட, காசில்லாமல் நாலு ரஸ்க்கும் வைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பாக்கெட்டைக் கையில் தொங்கவிட்டபடி தெரு முழுக்க நடந்தேன்.

காலையில் ஸ்டெல்லா பழத்தை மசித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தாள். பிரெட்டை தோசைக்கல்லில் நெய் விட்டு முறுகலாக எடுத்து, மசியலைத் தடவி, மேலே மிளகுத்தூள் தூவிய ஆஃப்பாயில். பார்க்கவே நாக்கில் எச்சில் ஊறியது.

அன்னம்மாள் தட்டைத் தொடவே இல்லை. "காய்ச்சக்காரங்களுக்குல்ல ரொட்டி குடுப்பாங்க? நல்லா இருக்கவுக எதுக்குத் திங்கணும்? இதைக் காசு குடுத்து எவன் வாங்குவான்?"

ஸ்டெல்லா அடுப்பை அணைத்தாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் கஞ்சியோடு உள்ளே வந்தார். "பாப்பாவுக்கு முடியலையாமே? ராத்திரி ரொட்டி போச்சுன்னாங்க." அவர் உட்காருவதற்குள் எதிர்வீட்டுத் தம்பதி சாத்துக்குடியோடு வந்துவிட்டார்கள். பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர். ஒரு வீட்டுக்கு பிரெட் போவது தெரிந்தும் எட்டிப் பார்க்காமல் இருப்பது அங்கே மரியாதை இல்லை. பாப்பா வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

அன்னம்மாளுக்குச் சங்கடம். விசாரிக்க வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. "ஸ்டெல்லா, அடுப்பைப் பத்தவை. ஆளுக்கு ஒண்ணு போடு" என்றார்.

முதல் டோஸ்ட்டை எல்லோரும் மரியாதைக்குத்தான் சாப்பிட்டார்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்கினார்கள். "இம்புட்டு ஒறைக்குது, காய்ச்சக்காரன் எப்படித் திம்பான்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அக்கா கிளம்பும்போது, "நாளைக்கும் போடுவியாடி?" என்று கேட்டார். ஸ்டெல்லா மாமியாரைப் பார்த்தாள்.

அன்னம்மாள் ஆறிப்போன தன் தட்டை எடுத்து, நின்றுகொண்டே முழுசும் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு தேங்காய் வியாபாரிக்கு போன் போட்டார். "நாளைக்கே வண்டி அனுப்புங்க. ஆமா, மொத்தமும் எடுத்துக்கங்க. எனக்கு ரூம் வேணும்."

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

நீங்களும் இப்படி ஒரு ஊருக்குப் போய்ச் செய்வதாக இருந்தால்: காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்கும் பழமாக வாங்குங்கள். ரெண்டு பழத்துக்கு ஒரு பச்சைமிளகாய் போதும். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. முக்கியமாக, பிரெட்டைப் பைக்குள் மறைத்துவிடாதீர்கள். தெருவே பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நடங்கள்.