நாலாவது ஆளுக்கு விட்ட இடம்

அன்று எங்கள் கேமரா கண்டுபிடித்த முகம் யாருடையது?

இந்தக் கேள்விக்கு என் கணவரிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆறு வயது மகளிடம் வேறொரு பதில் இருக்கிறது. இயற்பியலில் முதுகலை முடித்த என்னிடம் மட்டும் இன்று வரை ஒன்றும் இல்லை.

கேமரா வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தது நான்தான். கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற ஒரு மலைக்கிராமத்தில் எங்கள் வீடு. மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெளியே தலை காட்ட முடியாது. அந்த நாட்களில் மகள் கைபேசியே கதி என்று கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. பிடுங்கினால் அழுகை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பொதுவாகவே எனக்குச் சீக்கிரம் பயம் வந்துவிடும். அவள் கையில் வேறு எதையாவது கொடுக்க வேண்டும், அது அவளை வீட்டுக்கு வெளியே கூட்டிப்போக வேண்டும், மூன்று பேரும் சேர்ந்து செய்வதாகவும் இருக்க வேண்டும் என்று யோசித்துக் கேமராவில் வந்து நின்றேன்.

அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு நோட்டில் கட்டம் போட்டு எடை, விலை, பேட்டரி என்று எழுதி, எழுதியதை அடித்து, மறுபடி எழுதினேன். லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவாக வாங்கிவிடலாம் என்றார் கணவர். குழந்தையின் கழுத்து அந்த எடையைத் தாங்குமா என்று நான் கேட்டேன். பூசணத்தை நினைத்தும் கவலை. எங்கள் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் மாட்டிய தோல் பெல்ட்டே வெள்ளையாகப் பூத்துவிடும். லென்ஸுக்குள் பூசணம் பிடித்தால் கேமராவே வீண் என்று எங்கோ படித்திருந்தேன்.

திண்டுக்கல் கடையில் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தக் கடைக்காரர் களைத்துவிட்டார். கடைசியில் அவரே உள்ளே போய், பிரிக்காத பெட்டியில் இருந்த ஒரு சின்னக் கேமராவை எடுத்து வந்தார். பழைய மாடல், ஆனால் புதிது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் உள்ளே ஈரம் இறங்குவதும் குறைவு. எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மூணு பேருன்னா எப்பவும் ஒருத்தர் படத்துல விட்டுப்போயிரும்லக்கா. இதுல அந்தப் பிரச்சினை கெடையாது. ரெண்டு பேர நிக்க வச்சு பட்டன அமுக்கிட்டு சார் மெதுவா நடந்து போகட்டும். புதுசா ஒரு மூஞ்சி வந்து சேந்துச்சுன்னா அதுவே பாத்து எடுத்துக்கிரும்."

அந்த வசதிக்காகத்தான் வாங்கினோம். பட்டனை அமுக்கியதும் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு மெதுவாக மின்னும். திரையில் இருக்கிற ஒவ்வொரு முகத்தையும் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் வரும். இன்னொரு முகம் உள்ளே வந்ததும் விளக்கு படபடவென்று மின்னும். இரண்டே விநாடியில் படம் விழுந்துவிடும்.

அடுத்த சில மாதங்கள் எங்கள் வீட்டின் நல்ல மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து மூவரும் கிளம்பிவிடுவோம். மகள் எடுத்தது எல்லாம் அவள் உயரத்துக்குத் தெரிகிற உலகம். கேரட் கழுவுகிற தொட்டியின் செம்மண் தண்ணீர், பரணில் தொங்கும் பூண்டுக் கட்டுகளின் அடிப்பக்கம், பஸ் கண்ணாடியில் யாரோ விரலால் போட்ட கோடு, தன்னுடைய இரண்டு செருப்புகள் இருபத்தேழு தடவை. சாயங்காலம் டிவியில் எல்லாவற்றையும் ஓட்டி, ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுப்போம். வயலைப் பற்றி விலையைத் தவிர வேறெதுவும் பேசாத என் கணவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, மஞ்சள் வெயில் விழுகிறது, வெரசா கேமராவை எடு என்பார். கைபேசி அது பாட்டுக்கு அலமாரியில் கிடந்தது.

பூண்டு வாங்க வந்த என் நாத்தனார்தான் அதைச் சொன்னார். என் கணவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். டிவியில் எங்கள் குடும்பப் படங்களை ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தச் சொன்னார்.

"ஏத்தா, படிச்ச பிள்ளதான நீ? மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கக்கூடாதுன்னு ஒனக்கு ஆரும் சொல்லலையா? நடுவுல நிக்கிறது ஆருன்னு பாரு."

எல்லாப் படத்திலும் நடுவில் நின்றது என் மகள்.

என் கணவர் சிரித்தார். "எங்க கல்யாண ஆல்பத்துல பொண்ணு, மாப்பிள்ள, நீன்னு மூணு பேராத்தானக்கா நிக்கிறோம். நடுவுல நின்னவன் நானு. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"ஏலே, ஒன்னைய ஆரு கேட்டா? போய் சோலியப் பாரு" என்றார் அண்ணி. அடுத்த படத்துக்குப் போனோம்.

மூன்று பேராக நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று நான் பிறந்து வளர்ந்த அய்யம்பாளையத்திலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்லூரி நாட்களில் வேண்டுமென்றே தோழிகளோடு மூன்று பேராக நின்று எடுத்துக்கொண்டவள்தான் நான். ஆனால் இப்போது நடுவில் நிற்பது என் குழந்தை. அண்ணி போன பிறகு அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அழிப்பது இன்னும் பெரிய கெடுதலோ என்று பாதியில் நிறுத்தினேன். அப்புறம் மீதியையும் அழித்தேன்.

அதிலிருந்து நாலாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கமானது. பக்கத்து வீட்டு நாய், டீக்கடை அம்மா, காட்டுப்பன்றியை விரட்டத் தோட்டத்தில் நட்டிருந்த வைக்கோல் பொம்மை. கணவருக்கு இது வேடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடுபனியில் ஒருவரும் அகப்படவில்லை. அப்போதுதான் மகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"இன்னொருத்தவங்க நம்ம கூட நிக்கிறாங்கன்னு வச்சுக்கோ. அவங்களுக்கு எடம் விட்டு நில்லு."

சொன்னபடி கேட்கிற பிள்ளை அவள். அந்த விஷயத்தில் என்னைப் போல. அன்றிலிருந்து அப்பா, அம்மா, அவள், அவளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் என்று வரிசை அமைந்துவிட்டது. நடுவில் ஒற்றையாக யாரும் இல்லை. பயத்துக்கு நல்ல பரிகாரம் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தேன். படங்களில் அவளுடைய இடது கை லேசாக மேலே தூக்கியிருந்தது. விரல்கள் பாதி மூடியிருந்தன. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது குழந்தைகளின் கை எப்படி இருக்குமோ அப்படி. கணவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து, இஞ்ச் டேப்பை எடுத்து டிவியில் அந்த இடைவெளியை அளந்தேன். எங்கே எடுத்த படமானாலும் அவள் தோளிலிருந்து படத்தின் அந்த ஓரம் வரை ஒரே அகலம். சுவரோரம் இடமில்லாத ஒரு படத்தில் எங்கள் இருவரையும் நெருக்கித் தள்ளியாவது அந்த அகலத்தை விட்டிருந்தாள்.

ஒரு நாள் பால் ஆற்றிக்கொண்டே, அவங்க எவ்வளவு உயரம் என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவள் என் தலைக்கு மேலே பார்த்தாள். "ஒன்ன விட ஒசரம்" என்றாள். பிறகு, "எப்பவும் நனஞ்சே இருக்காங்க" என்றாள். அப்படி யாரும் இல்லை, அம்மா சும்மா சொன்னது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆறிப்போகும், பாலைக் குடி என்றேன்.

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம், கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினோம். சாலையோரம் சிமெண்ட் கட்டைகள் வரிசையாக நட்டிருந்தன. ஒரு கட்டை மட்டும் விழுந்துபோய் அங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. பனி கீழேயிருந்து ஏறி வருவதும் கலைவதுமாக இருந்தது. கட்டைகளுக்கு முன்னால் நானும் மகளும் நின்றோம். அவள் வழக்கம்போல் இடம் விட்டாள். எதிரே கணவர் கேமராவை ஸ்டாண்டில் வைத்து அமுக்கினார். விளக்கு மெதுவாக மின்னியது. அவர் கிளம்பவில்லை. லென்ஸைத் துடைத்த துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கு படபடவென்று மின்னியது. படம் விழுந்தது.

"நான் இன்னும் வரவே இல்லையே" என்றார் அவர். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுபடி அமுக்கினார். இந்த முறை கேமராவுக்குப் பின்னாலேயே நின்று திரையைப் பார்த்தார். மறுபடியும் விளக்கு படபடத்தது. ஒங்க ரெண்டு பேர் மேலயும் ஒவ்வொரு கட்டம், மூணாவது கட்டம் பாப்பாவுக்கு அங்கிட்டு சும்மா நிக்கிது என்றார். மூன்றாவது முறை அமுக்கினார்.

மகள் பின்பக்கமாக ஓர் அடி வைத்தாள். எனக்குப் புரியவில்லை. இன்னோர் அடி வைத்தாள். கை தூக்கியபடி இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்தது விழுந்துபோன அந்தக் கட்டையின் இடைவெளி.

"எங்க போற?" என்றேன்.

"அவங்க பின்னாடி போறாங்கம்மா. நாமளும் தள்ளி நிக்கணும்."

அவள் ஸ்வெட்டரின் தொப்பியைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் சாலையில் விழுந்தோம். என் முழங்கை கிழிந்தது. பயத்தில் அவள் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. நான் ஏன் கோபப்படுகிறேன் என்று விளங்காமல் பார்த்தாள்.

"நீதானம்மா எடம் விடச் சொன்ன."

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தோம். நான், மகள், பனி. வேறொன்றும் இல்லை. என் கணவர் சும்மா இருக்கவில்லை. கேமராவைப் பூண்டுப் பரணுக்கு நேரே பிடித்தார். ஒரு கட்டின் மேல் வெள்ளைக் கட்டம் வந்து நின்றது. பாத்தியா, இதுக்கு மூஞ்சிக்கும் பூண்டுக்கும் வித்தியாசம் தெரியல என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டு இருட்டுப் புள்ளியும் அதற்குக் கீழே ஒரு கோடும் கிடைத்தால் இந்த மாதிரிக் கருவிகள் ஏமாறும். பனியில் அப்படி ஏதாவது ஒரு வடிவம் சேர்ந்திருக்கலாம். அடுத்த வாரம் வெயிலில் அவர் மட்டும் போய் அதே இடத்தில் எடுத்துப் பார்த்தார். ஒரு கட்டமும் வரவில்லை. அங்கே ஏமாறுவதற்கு மரமோ பாறையோ எதுவும் இல்லை, வெறும் பள்ளம்தான் என்றார்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் சொன்னார். மூன்றாவது முறை திரையில் அந்தக் கட்டம் நிற்கவில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனதாம், ஓர் ஆள் நடந்து விலகிப் போனால் சிறுத்துப்போகுமே அப்படி. பனி கலைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இப்போது கேமரா ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் மூடிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அந்த டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கைபேசி வேண்டாம் என்கிறாள். எங்கள் ஊரில் பள்ளம் இல்லாத இடம் கிடையாது. வீட்டு வாசலே படி வயலின் விளிம்பில்தான் இருக்கிறது. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஒற்றையடிப் பாதையில் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டு நடந்து வந்தாள். அவள் ஒதுங்கியது பள்ளத்துப் பக்கம்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். நாலாவது ஆள் என்று யாருமே இல்லை, அம்மா பயந்துபோய்ச் சொன்ன பொய் அது என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? பொய் என்று சொன்னால், அதன்பின் பள்ளத்துக்குப் பக்கத்தில் போகாதே என்று நான் சொல்வதையும் பொய்யென்று நினைத்துவிடுவாளோ? அல்லது, அவங்க ஊருக்குப் போயிட்டாங்க என்று இன்னொரு பொய் சொல்லி அனுப்பிவைப்பதுதான் ஒரு பிள்ளைக்கு நல்லதா? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால், முதலில் என்ன வார்த்தை சொல்லி ஆரம்பித்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.