நெருப்பில்லாமல் முட்டை அவித்த பின்னேரம்

பின்னேரம் நாலு பத்துக்கு டின்னின் மூடி பறந்தது.

மகளும் அவளுடைய வகுப்புத் தோழியும் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டது நெருப்பில்லாமல் முட்டை அவிப்பது. ஒரு டின்னில், சுவருக்கு வெள்ளையடிக்க விற்கும் நீறாத சுண்ணாம்புக் கட்டிகளுக்கு நடுவில் முட்டையை வைத்துத் தண்ணீர் தெளித்தால் டின் தொட முடியாமல் சுடும். வெள்ளைக்காரத் தலைமையாசிரியை நேரில் பார்க்க வருவார் என்பதால் விளக்கத்தை நானே இங்கிலீசில் எழுதிக்கொடுத்தேன். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் மகள் அதை ஒரு கிழமையாகப் பாடமாக்கினாள். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பதுதான் அதில் முதல் வசனம்.

“நீ கதைச்சு முடிக்க முதல் முட்டை குஞ்சு பொரிச்சிடுமடி,” என்பாள் தோழி.

அன்று குசினியில் தண்ணீர் தெளித்துச் செய்துபார்த்தபோது, ஆவி வெளியே போகாமலிருந்தால் முட்டை கெதியாக அவியும் என்று மகள் மூடியை இறுக்கி அமத்திவிட்டாள். தோழி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி கூரையில் போய் மோதியது. சுண்ணாம்பு அவளுடைய வலது கண்ணுக்குள் அடித்தது.

நான் அவளைப் பைப்படிக்கு இழுத்துப் போய் முகத்தைத் தண்ணீரில் பிடித்தேன். “மாமி, எரியுது, விடுங்கோ!” என்று அலறினாள். மகள் பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஊத்தாதேங்கோ அம்மா! தண்ணி பட்டாக் கொதிக்கும்! கண் வெந்து போயிடும்!”

நான் எழுதிக்கொடுத்த வசனம். பைப்பை மூடினேன்.

சந்தியில் ஹயரிங் கார் ஒன்றைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் முந்தானையைக் கண்ணில் பொத்தியபடி அந்தப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, மாமி. கொட்டாஞ்சேனைக் கடையில தனிய நிப்பார். பயந்துபோவார்.”

தாதிகள் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஊற்றினார்கள், ஊற்றினார்கள், நிறுத்தவேயில்லை. கண்ணைக் கழுவத்தான் வேண்டும் என்று அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது.

விளக்குகள் போட்ட பிறகு டாக்குத்தர் வந்தார். கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“வீட்டில கண்ணைக் கழுவினது ஆர்?”

“நான்தான்.”

“கழுவினபடியாத்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கு. அந்தக் கண்ணில வெளிச்சம் தெரியும். ஆளைத் தெரியுமெண்டு நான் சொல்லமாட்டன்.”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவு நேரம் கழுவினீங்கள்?”

“கொஞ்ச நேரம்.”

அவர் துவாயை மடித்தார். “ஏனம்மா நிப்பாட்டினனீங்கள்?”