கப்பலை எரித்த ராணியும் என் மகளின் ஓலையும்

என் இளைய மகளுக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவளும் மாப்பிள்ளையும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பது. எங்கள் திரேஸ்புரத்தில் ஓலை வாசித்த பிறகு ஒரு கல்யாணம் நின்றால், மீன் ஏலம் போடுகிற இடம் வரைக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

சண்டை நகைக்காக இல்லை, சீருக்காக இல்லை. ஒரு கதைக்காக.

மகள் துறைமுகத்துப் பக்கம் கப்பல் சரக்குக்குக் காகிதம் போடுகிற கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். தலையணை தண்டிக்கு இங்கிலீஷ் கதைப் புஸ்தகங்கள் படிப்பாள். அதில் ஒரு கதையைத் தொடராக எடுத்திருக்கிறார்களாம். மாப்பிள்ளைக்கு ஊர் மணப்பாடு; அவர் புஸ்தகத்தைத் தொட்டதில்லை, தொடரை ஒன்று விடாமல் பார்த்தவர். நானும் ஒருநாள் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். செத்துப்போன ராஜா நடந்து வருகிறார், கடல் வாய் திறந்து பேசுகிறது. யார் யாருக்குப் பிள்ளை என்று கேட்டேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இரண்டாவது ஆளைச் சொல்லும்போது முதல் ஆள் எனக்கு மறந்துவிட்டது.

அந்தக் கதையில் ஒரு ராணி. புஸ்தகத்தில், சனங்கள் ஊரைவிட்டு ஓடிப்போகக் கூடாது என்று தன் கப்பல்களைத் தானே எரிக்கிறாளாம். தொடரில் எதிரி வந்து எரித்துவிட்டுப் போகிறானாம். அவ்வளவுதான் விஷயம். என் மகளுக்கு அது பொறுக்கவில்லை.

போனைக் குடத்தில் சாய்த்து வைத்து, நெத்திலி ஆய்ந்துகொண்டே கத்தினாள்.

"அவளை ஒண்ணும் தெரியாத பாப்பா ஆக்கிட்டானுவ. சனங்க வெறுத்துருவாங்கன்னு பயம்."

"நல்லவளா இருந்துட்டுப் போட்டுமே, ஒனக்கென்ன நட்டம்? கரையில நின்னு அழுதாளே, எப்படி இருந்துச்சு!" என்றார் போனில் மாப்பிள்ளை.

"அழுறதுக்கா அவ ராணி ஆனா?"

"படிச்ச திமிரு."

"படிக்காத வாயி."

நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாரம் பூராவும் இதே பேச்சு. சனிக்கிழமை காலையில், "இதுல நீங்க இப்படித்தான் நினைப்பியன்னா நமக்கு ஒத்தே வராது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஆபீசுக்குப் போய்விட்டாள்.

விடிந்தால் இரண்டாவது ஓலை. சேலையை மாற்றிக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனேன். செய்த பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு அல்லாமல் சாமியாரிடம் தனியாகப் பேசினவள் இல்லை நான். வாசலிலேயே நின்றேன். மணி அடித்து, பூசைக்கு எடுத்துவைக்கிற கோயில்பிள்ளை பார்த்து உள்ளே கூப்பிட்டார்.

"சாமி, நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம்."

சாமியார் சின்ன வயதுக்காரர். பதறிப்போனார். "என்னம்மா தடை? மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல சாமி. கதையில ராணி கப்பலை எரிச்சாளா, எதிரி எரிச்சானான்னு ரெண்டு பேருக்கும் சண்டை."

கோபப்படுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஒங்க மக எந்தக் கட்சி?"

"புஸ்தகக் கட்சி."

"சரியாத்தான் இருக்கா. நல்ல கதையைக் கெடுத்துட்டானுவ."

கோயில்பிள்ளை அங்கிருந்தே, "அப்படிச் சொல்லப்படாது சாமி. தொடர்ல பாத்தாத்தான் நெஞ்சு கலங்குது" என்றார்.

"நீரு படிச்சீரா வே?"

"படிச்சாத்தான் பேசணுமா?"

அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். நான் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், "சாமி, ஓலை?" என்றேன்.

"இது தடை இல்லம்மா. மகளுக்குக் கல்யாணம் வேண்டாம்னா அவளே வந்து சொல்லட்டும். நிறுத்துதேன். அவகிட்ட கேட்டியளா?"

கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும், முகத்தைப் பார்க்காமல், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டேன். "ஏளா, மாப்பிள்ளை வேண்டாம்னா இப்பமே சொல்லிரு."

"ஆரு வேண்டாம்னா?"

"ஒத்து வராதுன்னியே."

சிரித்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அது அந்தக் கதைக்குச் சொன்னதும்மா. மத்தியானம் அவரே போன் போட்டாரு. இவ்வளவு சொல்லுதியே, புஸ்தகத்தைக் குடு, படிச்சுப் பாக்கேங்காரு."

"அப்ப சண்டை தீந்துட்டா?"

"எங்க தீர? படிச்சுட்டு வந்து இன்னும் நல்லா போடுவாரு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு விளங்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஒருநாளும் எதிர்த்துப் பேசினதில்லை. அவர் சொல்வார், நான் சரி என்பேன். மீன்பிடி வள்ளம் வாங்கினதும் சரி, விற்றதும் சரி. அதைத்தான் ஒற்றுமை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இவர்களுடையது என்னது? இதற்கு என்ன பேர்?

ஞாயிறு பூசையில் சாமியார் ஓலையை எடுத்தார். மகள் பேரை வாசித்தார், மாப்பிள்ளை பேரை வாசித்தார். "தடை அறிந்தவர்கள்" என்று சொல்லும்போது நேரே என்னைப் பார்த்தார். நான் சாமியாரிடம் போன கதையை ராத்திரியே கேட்டிருந்த மகள் பக்கத்தில் இருந்து என் விலாவில் இடித்து, "எந்திச்சுச் சொல்லும்மா, ராணிதான் எரிச்சாள்னு" என்றாள்.

நான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.