தானே ஓடிய எந்திரம்

சித்தப்பா வளைகுடாவுக்குத் திரும்பிப் போகாமல் எங்களோடு இருந்துவிட ஓர் எந்திரம் போதும் என்று நான் முழுமனதாக நம்பிய காலம் ஒன்று உண்டு. நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் வருவது நிச்சயமில்லாமல் போனதால் குறுவையை ஆழ்குழாய்களே காப்பாற்றிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு ஒருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். விடுப்பில் வந்திருந்த சித்தப்பா, அடுத்த ஊர் மோட்டார் கொட்டகைக்கு ஒருநாள் போய்வந்த பிறகு, பெட்டி கட்டும் பேச்சையே விட்டுவிட்டார்.

அங்கே வெளியூர்க்காரர் ஒருவர் சிமெண்ட் மேடை கட்டி, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரத்தை நிறுவியிருந்தார். கையால் சுற்றிவிட்டால் போதும்; டீசலும் மின்சாரமும் இல்லாமல் அது தானே சுழன்று நீர் இறைத்தது. பழைய மோட்டாரின் ஃபியூஸ்களைப் பிடுங்கி எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டினார். “டீசல் விக்கிறவரு இனிமே மோர்தான் விக்கணும்” என்று கூட்டம் சிரித்தது.

தம் பங்கு நிலத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாவட்டம் முழுவதற்கும் அந்த எந்திரத்தை விற்கும் உரிமையைப் பெறுவதென்று சித்தப்பா முடிவு செய்தார்.

“தீனி போடாம ஏரு இழுக்கிற மாடு எங்கடா இருக்கு?” என்றார் அப்பா.

“வந்து பாத்துட்டுப் பேசுங்கண்ணே.”

அம்மா இந்த வாதத்தில் சேரவில்லை. தினமும் வேடிக்கை பார்க்க ஓடிய என்னிடம் மட்டும் ஒருநாள் கேட்டார்.

“எப்ப ஓட்டிக் காட்டுறாரு?”

“இந்த வாரம் காலையில. போன வாரம் சாயங்காலம்.”

“மத்த நேரத்துல?”

“காட்ட மாட்டாரும்மா. எந்திரம் ரெஸ்ட் எடுக்கணுமாம்.”

அம்மா தலையசைத்துவிட்டு மாவு ஆட்டப் போனார்.

பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள், கடைசியாக ஒருமுறை எந்திரத்தைப் பார்ப்பதென்று ஏற்பாடு. அதற்கு முன் அந்த மனிதர் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லியனுப்பினார். வந்தவர் வாசலிலேயே தயங்கினார்.

“மொதல்ல ஓட்டிக் காட்டிட்டு வந்துடறேங்க.”

“நல்ல காரியங்க. இலை போட்டாச்சு, உக்காருங்க.”

இலை போட்டபின் மறுப்பதும், பக்கத்து இலைக்காரர் முடிக்குமுன் எழுவதும் எங்கள் பக்கத்தில் வீட்டாரை அவமதிப்பதாகும். அவருடைய பக்கத்து இலையில் அம்மா உட்கார வைத்திருந்தது அப்பாவின் பல்லில்லாத தாய்மாமாவை. அந்தப் பெரியவர் சாம்பாரிலிருந்து ரசத்துக்கு வருவதற்குள் விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பலமுறை பார்த்துவிட்டார். எப்போதும் அவசரமாகப் பரிமாறும் அம்மா அன்றைக்கு ஒவ்வொரு கறியையும் விசாரித்து விசாரித்துப் போட்டார். பாயசம் இரண்டாவது முறையும் வந்தது.

அம்மாவும் சேர்ந்து எல்லோருமாகக் கொட்டகைக்குப் போனபோது உச்சி தாண்டிய வெயில். அவர் சக்கரத்தைச் சுற்றினார். அது சற்று ஓடி நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி நின்றது. “எந்திரத்துக்கும் ஒரு இலை போட்டிருக்கலாம்” என்றார் யாரோ. சித்தப்பா சிரிக்கவில்லை. சுவரில் மின்பலகைக்கு மேல், மின்சாரத்தின் முனைக்கு ஒன்றாக இருந்த மூன்று சிறு பல்புகளை அண்ணாந்து பார்த்தார். ஒன்று அணைந்திருந்தது.

மோட்டார் ஓட்டுவதற்கான மும்முனை மின்சாரம் அக்காலத்தில் எங்களுக்கு முறைவைத்துத்தான் வந்தது. ஒரு வாரம் காலையில், மறுவாரம் சாயங்காலம். மற்ற நேரங்களில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்த சித்தப்பாவுக்கு அந்த முறை மறந்து போயிருந்தது.

“அண்ணி, இந்த வாரம் எந்த ஷிப்ட்டு?”

“காலை ஷிப்ட்டு, தம்பி. முடிஞ்சு போச்சு.”

சித்தப்பா மேடையோரத்து மண்ணைக் காலால் ஒதுக்கினார். மேடைக்கு அடியில் போகும்படி புதைத்திருந்த கேபிள் தெரிந்தது. கூட்டத்தில் கைகள் ஓங்கின. “நம்ம வீட்டுல சாப்பிட்டவரு. போவட்டும், விடுங்க” என்றார் அம்மா. அந்த மனிதர் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியேறினார்.

எனக்கோ அம்மாமேல்தான் கோபம். விருந்து வைத்து நேரத்தைக் கடத்தாமல் காலையிலேயே விட்டிருந்தால் எந்திரம் ஓடியிருக்கும், சித்தப்பாவும் இருந்திருப்பார் என்பதே என் வாதம். அம்மா எனக்கு எதையும் விளக்கவில்லை. மணப்பெண்ணாக அம்மா அந்த வீட்டுக்குள் வந்தபோது சித்தப்பா தாயில்லாத சிறுவன். சோறு ஊட்டி வளர்த்தவர் அம்மா. அந்த எந்திரம் உண்மையாக இருக்க வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் ஏங்கியவர் அவராகவே இருந்திருப்பார். அப்படி ஏங்கிக்கொண்டே அதைச் சோதித்தார். தம்பியை ஊரார் முன் முட்டாளாக்காமல், அவர் கண்ணாலேயே அவர் பார்க்கும்படி சோதித்தார். பிற்பாடு சித்தப்பா திரும்பி வந்து அந்த நிலத்தில்தான் வீடு கட்டினார். அங்கே விளையும் அரிசி இன்றும் என் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு முறை மூட்டையைப் பிரிக்கும்போதும் அம்மாவுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அன்று இவை எதுவும் எனக்குத் தெரியாது. சித்தப்பா மறுபடி வளைகுடாவுக்குக் கிளம்பிய நாளில் நீடாமங்கலம் ரயிலடியில் அம்மாவின் காலில் விழுந்தார். பயணம் போகிறவர்கள் விழுவது வழக்கம்தான். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. வண்டி வந்து நின்றது. அம்மா குனிந்து தோளைத் தொட்டும் எழவில்லை. வண்டி தவறிப்போனால் எங்களோடே இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, அவர் இன்னும் சற்று நேரம் அப்படியே கிடக்க வேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.