அண்ணாத்தே உட்கார்ந்திருந்த முகூர்த்தம்

மகளின் முகூர்த்தத்துக்கு மேடையேறப் போகும்போது அண்ணாத்தே தன் கைபேசியை என் கையில் திணித்தார். திணித்தவர் உடனே கையை எடுத்துக்கொள்ளவில்லை. "வெச்சிக்கோ தங்கச்சி. எங்கிட்ட இருந்தா நான் எறங்கிடுவேன்" என்றார். பிறகு, கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டுப் போகிறவரைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரில் எங்கள் தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவர் அவர். படை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று, அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவருடைய மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் பிறந்த ஒரு பம்பு, கொஞ்சம் குழாய், நனைத்த சாக்குகள், அவ்வளவுதான். அரசாங்க வண்டி நெரிசலைத் தாண்டி வந்து சேரும் வரைக்கும் தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பழைய ஊர்க்காரர்கள் பாதி, என்னைப் போல ஃப்ளாட் வாங்கி வந்தவர்கள் பாதி. கரூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எனக்கு, எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் காய்ந்த புல் பற்றி எரிந்த அன்றுதான் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே தெரிய வந்தது. மறுவாரமே சேர்ந்துவிட்டேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஆளைத் திரட்டுவது என் பொறுப்பானது.

அண்ணாத்தேவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. டீயை நின்றுகொண்டே குடிப்பார். பந்தியில் அவர் ரசம் வரைக்கும் போய் யாரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று கொஞ்சம் திசை மாறினால் போதும், மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். "இந்த மனுசன் அக்கடான்னு உக்காந்து நான் பாத்ததே, என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குத்தான்" என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்வார்.

அந்த வீட்டில் இது சிரிப்பு விஷயமாகவே இருந்திருந்தால் பரவாயில்லை. மகளின் காதுகுத்துக்குப் பாதியில் எழுந்து போனார். பள்ளியில் அவள் பரிசு வாங்கிய நேரத்தில் ஏதோ குப்பைமேட்டில் நின்றுகொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றியதும் ஓடி, சட்டையெல்லாம் புகை நாற்றத்தோடு திரும்பி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளித்ததை நானே பார்த்தேன். அன்று அவள் அழவில்லை. அப்பாவின் எதிரே வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "தாலி கட்ற வரைக்கும் நீ மேடைய உட்டு எறங்கக் கூடாது நைனா. எறங்குனா அதுக்கப்புறம் நான் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. அவரும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

கல்யாணம் ஆவடியில் ஒரு மண்டபத்தில். எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் ஒன்று இருந்தது. தலைவர் வீட்டுக் கல்யாணம் என்று படை மொத்தமும், வண்டி உட்பட, மண்டபத்துக்கு வந்துவிட்டது. தீயை அணைக்க ஊரில் ஆளே இல்லை. கையில் அட்சதையோடு மூன்றாவது வரிசையில் நின்றிருந்தபோது அவருடைய கைபேசி அதிர்ந்தது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மா. "ஏரிக்கர ஓரமா கூரை ஊடு எரியுதும்மா! உள்ள கெழவன் வேற படுத்துகினு கீறாரு!"

அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். வாதம் வந்து கால் விளங்காதவர். நான் வரிசை வரிசையாகப் போய்த் தோளைத் தொட்டேன். சந்தனம் காயாத நெற்றியோடு ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கு நழுவினார்கள். வண்டி கிளம்பும் சத்தம் நாதஸ்வரத்தில் அமுங்கிப் போனது. ஆனால் மேடையிலிருந்து பார்ப்பவருக்குக் காலி நாற்காலிகள் தெரியாதா? அண்ணாத்தே பாதி எழுந்துவிட்டார். மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் துண்டின் முனையைப் பிடித்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். தீ எரியும் இடத்தில் பம்பு இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டால் கையை உயரத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் கண்கள் கேட்டது அதை மட்டும்தான். என்னால் தூக்க முடியவில்லை. எனக்கே தெரியாதே! ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் கைபேசியை அழுத்திக்கொண்டு நின்றேன். பால் ஊற்றும் அம்மா இன்னும் இணைப்பில்தான் இருந்தார்; எதிர்முனையில் ஒரே கூச்சல். ஐயர் தாலித் தட்டைச் சபைக்குக் கொடுத்து அனுப்பினார். அண்ணாத்தே இன்னும் முழுதாக உட்காரவில்லை. அவர் இறங்கிவிடுவார் என்று பயந்தேன். இறங்காமல் இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"தூக்கியாந்துட்டாங்கம்மா! பக்கத்துல கட்டட வேல செய்ற பசங்க, கட்டிலோட தூக்கியாந்துட்டாங்க!"

கையை உயர்த்தினேன். பக்கத்திலிருந்த அம்மாள், "இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள அரிசி போட இன்னாம்மா அவசரம்?" என்று அதட்டினார். மேடையில் அண்ணாத்தே பொத்தென்று உட்கார்ந்தார். தாலி ஏறியபோது அவர் அழுதார். பெண்ணைப் பெற்றவர் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கடைசிப் பந்திக்குப் படை திரும்பி வந்தது. கூரை போய்விட்டது, பக்கத்துக் குடிசைகள் தப்பின. கரி படிந்த பட்டுச் சட்டைகளோடு வரிசையாக உட்கார்ந்தவர்களுக்கு மணப்பெண்ணே வந்து இனிப்பு வைத்தாள். அண்ணாத்தே அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எங்கே பற்றியது, காற்று எந்தப் பக்கம் என்று துருவிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ இல்லாமலே அணைச்சிட்டாங்க இல்ல நைனா? இத்தினி வருசமும் இவங்க எல்லாரும் இருந்தாங்கதானே?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணாத்தே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாங்கம்மா. தெரியும். என்னாலதான் உக்கார முடில."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இலை விரித்து, தானே பரிமாறினாள். அன்று அவர் மோர் வரைக்கும் சாப்பிட்டார்.

இப்போது முழங்கால் தேய்ந்து, பூந்தமல்லியில் மகள் வீட்டில் இருக்கிறார். அழைப்புகள் எனக்கு வருகின்றன. வெயில் காலத்தில் வாரம் தவறாமல் எங்காவது புகைகிறது. "இத்தனை பேர் இருக்காங்களே, நீயும் போயே ஆகணுமா?" என்று என் கணவர் கேட்கிறார். பாதிச் சாப்பாட்டில் என் மகனும் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறான். முன்பெல்லாம் மனிதாபிமானம், கடமை என்று ஏதாவது சொல்வேன். இப்போது செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.