காதுக்குப் பின்னால் முந்தானை

செகுலாத் தாயி ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால், நிலையில் பதித்திருக்கும் மெசுசா என்ற வேதவசனப் பேழையைத் தொட்டு விரலை முத்தமிட்ட கையோடு, மூக்கால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். "தேங்காப்பால் ஊத்தியாச்சா, இல்ல இனிமேத்தானா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஊற்றியாயிற்று என்றால் நேரே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்வார். இனிமேல்தான் என்றால் சமையலறைக்குள் புகுந்து, வீட்டுக்காரியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கரண்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். அவர் பணம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்பது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் வாவல் மீன் குழம்பும் சோறும் முடிந்து எல்லாரும் கை கழுவும்வரை அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வராது. "பசியோட இருக்கிறவன் கிட்ட கேட்டா யோசிக்கிறேன்னு சொல்வான். சாப்பிட்டவன் எவ்வளவுன்னு கேப்பான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார்.

மும்பைக்குப் பக்கத்துத் தாணேயில் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு எலியாஹு மண்டல் என்று ஒரு சங்கமும் அதற்கு ஒரு மாடிக் கட்டடமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் வயதானவர்களுக்கு அங்கே சாப்பாடு. பிள்ளைகளுக்கு எபிரேய வகுப்பு. மோசேயின் கதையை ஆர்மோனியம் வைத்து மராத்தியில் பாடும் கீர்த்தனைக் குழு ஒன்றும் உண்டு. தாளம் போடுகிறவர் தூங்கிவிடாத நாட்களில் நன்றாகவே பாடுவார்கள். இதற்கெல்லாம் ஆகிற செலவைத் திரட்டுவது தாயியின் பொறுப்பு. பெயர்ப்பலகையில் நிதிக்குழுத் தலைவர், திருமதி செகுலா ரோஹேகர் என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் இருக்கும் காவலாளிக்கே தெரியாது. அக்கா என்ற பொருளில் தாயி என்றுதான் அறுபது வயதுக்காரர்களும் ஆறு வயதுக்காரர்களும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

ஜெப ஆலயத்திலும் மண்டல் கூடத்திலும் பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொள்வது வழக்கம். தாயியும் மூடுவார், ஆனால் முந்தானையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வார். இரண்டு காதும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அழகாக இல்லை என்று மற்ற பெண்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "காதை மூடிக்கிட்டா மண்டலுக்குக் கஞ்சி யாரு ஊத்துறது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் டிரங்கால் போட்டுக் கொடுத்த காது அது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு எண்ணைச் சரியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் மட்டும் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறார். கணவர் சாம்சன் அதை அவருடைய தலையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பவர்களைப் பற்றித் தாயிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருமுறை சொன்னால் அவர்களுக்கு நிஜமாகவே வேண்டாம். மூன்று முறை சொன்னால் கல்லில் வெட்டி, வாசலுக்கு நேரே, விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். இந்தக் கணக்கு இதுவரை பிசகியதில்லை என்கிறார்.

அவருடைய காதுக்கு உண்மையான வேலை வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிதான். கூடாரப் பண்டிகைக்கு மண்டல் முற்றத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, உள்ளே பழங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பண்டிகையை முடித்துவைக்கும் சிம்ஹா தோரா ராத்திரி அந்தப் பழங்களை ஏலம் விடுவார்கள். புனித நாளில் பேனாவைத் தொடக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. யார் எந்தப் பழத்தை எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்பதை எழுதி வைக்க வழியே இல்லை. பிள்ளைகள் கூத்தாடுவார்கள், ஆண்கள் பாடுவார்கள், திராட்சை ரசம் குடிக்காமலே பாதிப்பேருக்கு மயக்கம் வந்தது போலிருக்கும். பெண்கள் பக்கத்தில் முதல் நாற்காலியில் காதை நீட்டிக்கொண்டு தாயி உட்கார்ந்திருப்பார். பண்டிகை முடிந்த மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போவார். அவர் சொன்னதுதான் கணக்கு, அதை யாரும் மறுத்ததில்லை. வாழைத்தாரைக் கேட்டது தான் அல்ல, தன் தம்பிதான் என்று ஒருத்தர் தப்பிக்கப் பார்த்தபோது, "கேக்கும்போது கழுத்தைச் சொறிஞ்சியே, அது உன் தம்பி கழுத்தா?" என்று கேட்டவர் தாயி.

போன வருஷம் மண்டலுக்கு லிப்ட் போடத் தீர்மானித்திருந்தார்கள். கூடம் இருப்பது மாடியில். முட்டி போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டுக்கு அடியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலிருந்து வரும் ஆர்மோனியத்தைக் கேட்டபடி சாப்பிடுவார்கள். தாயிக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. வருஷம் முழுக்க அலைந்து திரட்டியும் இன்னும் எண்பதாயிரம் மட்டும் குறைந்தது. பண்டிகைக்கு முந்தைய மாதம் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் "இன்னும் எண்பது, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரில் எல்லார் வாயிலும் அந்த எண் ஏறிவிட்டது.

கொட்டகைக்கு நடுவில் தொங்கும் மாதுளைதான் ஏலத்தில் கடைசி, அதற்குத்தான் மவுசும் அதிகம். மற்றப் பழங்களின் காசு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு, மாதுளைக் காசு அந்த வருஷத்துப் பெரிய செலவுக்கு. இஸ்ரேலின் அஷ்டோதிலிருந்து வந்திருந்த நிசிம் அதை எழுபதாயிரம்வரை ஏற்றிவிட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அவருடைய சித்தப்பா மகன் கெர்ஷோன், ரயில் நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் ஏதோ கேட்க வாயெடுத்ததும் நிசிம் தோளில் தட்டி, "நீ நாரத்தங்காய்க்குக் கேளுடா கெர்ஷோன். மாதுளை வேணும்னா எத்தனை ஆயிரம் பக்கம் ஜெராக்ஸ் போடணும், தெரியுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெர்ஷோனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எண்பது" என்றார்.

கூடியிருந்தவர்கள் கை தட்டிய தட்டில் கீற்றே ஆடியது. லிப்ட் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். மண்டல் தலைவர் ஹாயிம் மாதுளையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கெர்ஷோன் கையில் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தாயியின் காதில் விழுந்தது வேறொன்று. பக்கத்து நாற்காலியில் கோதுமைப்பால் அல்வாத் தட்டோடு உட்கார்ந்திருந்த கெர்ஷோனின் மனைவி லெவானா, உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடவே இல்லை.

பண்டிகை முடிந்து தாயி ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது, யாரோ ஒரு ஆள் கடை வாசலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். கெர்ஷோன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அளப்பது யார் என்று தாயி கேட்டார். கட்டட முதலாளியின் ஆள், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், வேறு இடத்தில் சின்னதாகப் பார்த்துக்கொள்வேன் என்று கெர்ஷோன் சிரித்துக்கொண்டே சொன்னார். லெவானா தலை நிமிராமல் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். தாயி தேநீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தார். ஏரிக்கரையில் வறுகடலை வாங்கி, பாதியைக்கூடத் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். கெர்ஷோன் வாயில் வந்த எண் தன் வாயிலிருந்து போனதுதானே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல். படிக்கட்டடியில் உட்கார்ந்திருப்பவர்களும் கண் முன்னால் வந்து வந்து போனார்கள். எண்பதை விட்டுக்கொடுத்தால் லிப்ட் நின்றுபோகும், வாங்கினால் கெர்ஷோனின் கடை போகும்.

அன்று மதியம் நிசிம் தங்கியிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கை கழுவிய பிறகு பேச்சை எடுத்தார்.

"நிசிம், மாதுளையை எழுபதுக்கு எடுத்திருக்கே. ஊருக்குப் போறதுக்குள்ள குடுத்துட்டுப் போ."

"நானா? கெர்ஷோன் எண்பது கேட்டானே தாயி."

"என் காதுல விழலை. உனக்கு விழுந்துச்சா?"

தாயி கடையைப் பற்றியோ டேப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையைக் காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

"விழலை" என்றார் நிசிம். பிறகு மெதுவாக, "நான் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன் தாயி" என்றார்.

"அது விழுந்துச்சு" என்றார் தாயி.

மண்டல் கூட்டத்தில் ஹாயிம் குதித்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாயிரம் குறைந்தால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. தன் காதாலேயே எண்பது என்று கேட்டதாக மேசையைத் தட்டினார். "ஹாயிம் பாவ், புனித நாள்னு காது மிஷினைக் கழட்டி வீட்டுல வச்சிட்டுத்தானே வந்தீங்க" என்று அண்ணன் முறை சொல்லித் தாயி கேட்டதும் மேசை தட்டுவது நின்றது. மற்றவர்கள் எல்லாருக்கும் எண்பது நன்றாகவே கேட்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஒரு எண்ணைக்கூடத் தவறவிடாமல் சேர்த்து வைத்த பேரை, அந்த அம்மாள் ஒரே கூட்டத்தில் செலவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கெர்ஷோன் துணிப்பையோடு வந்தார்.

"எண்பது இருக்கு தாயி."

"எதுக்கு?"

"மாதுளைக்கு."

"அது நிசிமோடது. ஏலத்துல தோத்தவன் கிட்ட மண்டல் காசு வாங்குறதில்ல."

"ஊரே கேட்டுச்சு தாயி, நான் சொன்னேன்."

"ஊரா கணக்கு வைக்குது? நான் கேக்கலை. முதலாளி கிட்டப் போய் அட்வான்ஸைத் திருப்பிக் குடு, போ."

கெர்ஷோன் போகவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "அந்தப் பழத்தைத் தின்னுட்டோமே" என்றார் கடைசியில். அடுத்தவன் பழத்தைத் தின்றது தப்புதான், கடையில் நல்லதாக ஒன்று வாங்கி நிசிமிடம் கொண்டுபோய்க் கொடு என்றார் தாயி. கெர்ஷோன் ஒரு கூடை நிறைய வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார்ந்து அதை உரித்துத் தின்று, சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டார்கள் என்று லெவானா பிறகு வந்து சொன்னார்.

தாயிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. தொலைபேசி நிலையத்துக் காதுக்கு இது சுருக்கென்றுதான் இருந்தது. இரண்டு நாள் சாம்சனிடம்கூடப் பேசாமல் இருந்தார். இதுதான் சமயம் என்று, அன்னாசியை ஒன்பதாயிரத்துக்கு எடுத்த ஒருத்தர் தான் ஆறுதான் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார். அவர் போட்டிருந்த சட்டையின் நிறம், பக்கத்தில் நின்ற மச்சினர், ஆறு என்று சொன்ன பிறகு மனைவி முறைத்ததால் ஒன்பதுக்குப் போனது எல்லாம் தாயி வாயிலிருந்து வரிசையாக வந்து விழுந்தன. அவர் பன்னிரண்டாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

குறைந்த பத்தாயிரத்துக்காகத் தாயி மறுபடியும் வீடு வீடாகச் சாப்பிட்டார். அந்த மாதத்தில் இரண்டு ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். குளிர்காலம் முடிவதற்குள் லிப்ட் வந்துவிட்டது. இப்போது முட்டி போனவர்கள்தான் கூடத்துக்கு முதலில் வந்து, முன் வரிசையைப் பிடித்துக்கொண்டு, கீர்த்தனையில் சுருதி சேரவில்லை என்று குறை சொல்கிறார்கள். தாயிக்கு அந்தக் குறையைக் கேட்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த வருஷமும் சிம்ஹா தோரா ராத்திரி வந்தது. நாரத்தை போயிற்று, அன்னாசி போயிற்று, வாழைத்தார் போயிற்று. தாயி முதல் நாற்காலியில், காதுகள் வெளியே. ஹாயிம் நடு மாதுளையைக் காட்டி, சமையலறைக்குப் புது அடுப்பு வாங்க வேண்டும், நாற்பது குறைகிறது என்று நீட்டி முழக்கினார். ஆண்கள் பக்கத்தில் கெர்ஷோன் புதுச் சட்டையில், பாடிப் பாடி வேர்த்து, கண்கள் மின்ன நின்றுகொண்டிருந்தார். குதிகால் தரையிலிருந்து எழும்பியது. வாய் திறந்தது. லெவானா தாயியைத் திரும்பிப் பார்த்தார்.

தாயி முந்தானையைக் காதுக்குப் பின்னாலிருந்து உருவி, இரண்டு காதையும் நன்றாக மூடி, முகவாய்க்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த அல்வாவைத் தின்னத் தொடங்கினார்.