தலைமாட்டுக் கத்தி

எங்கள் வீட்டில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதை யாரும் விரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் சித்தப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். மாட்டுக்கொம்புக் கைப்பிடி, அதன் முனையில் ஒரு வளையம், மடங்கிய அலகின் முதுகில் சிவப்பாகத் துரு. வீட்டில் குழந்தை பிறந்தால் மட்டும் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வரும். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கப் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் நாற்பது நாள் கிடக்கும். பிறகு பெட்டிக்குப் போய்விடும்.

எண்பதுகளின் கடைசியில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அம்மா நடு அறையைக் கழுவிவிட்டாள், கட்டிலை வெயிலில் போட்டாள், பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து வைத்தாள்.

நான் டிப்ளமா முடித்துவிட்டு இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். காலையிலிருந்து மாலைவரை லென்ஸ் வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணுவது, கறை தேடுவது. துணியில் கடுகளவு துருப்புள்ளி இருந்தால் ரோல் முழுவதையும் ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவள் கண்ணில் அந்தக் கத்தி பட்டது.

“இதையா பச்சப்புள்ள தலமாட்டுல வைக்கப் போற? துருவப் பாரும்மா.”

“இம்புட்டு வருசமா வச்சதுதான். உனக்கும் இதான் வச்சோம். நீ என்ன செத்தா போயிட்ட?”

“இரும்புதான வேணும்? ஒரு எவர்சில்வர் கரண்டிய வச்சிரு.”

“எவர்சில்வர் எப்பட்டி இரும்பாச்சு? காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாவளா?”

அதுவும் இரும்புதான் என்று பாடம் நடத்த வாயெடுத்தேன். அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் விடவில்லை. துரு, புண், ஜன்னி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னாள்: “மேலாப்புல துருவ மட்டும் சுரண்டிக் குடு. விரிக்காத. கூர்ப் பக்கமே போகாத.”

விரிக்காமல் எப்படிச் சுத்தம் செய்வது? நான் அதைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே டைரியில் எழுதிவிட்டேன்: மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது. அலகை விரித்து அதன் மூட்டில் எண்ணெய் விடுவது. எமரித் தாளால் தேய்ப்பது. சாணை பிடிப்பது. அரை மணி நேரம் கொதிநீரில் போடுவது. அம்மா வேண்டாம் என்று சொன்ன இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. அது எனக்கு உறுத்தவே இல்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே வயதான ஃபிட்டர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அண்ணாச்சி. கத்தியை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“யாரைக் குத்தப் போற தாயி?”

“பிள்ளைக்குத் தலமாட்டுல வைக்க அண்ணாச்சி.”

“அதுக்கா இம்புட்டு வைத்தியம்?” என்று சிரித்துக்கொண்டே கைப்பிடியை வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கி, கட்டிங் பிளேயரால் அலகைப் பிடித்து இழுத்தார். இரண்டு முறை வரவில்லை. மூன்றாவது முறை கிறீச்சென்று விரிந்தது. மூட்டில் எண்ணெய் விட்டு ஏழெட்டு முறை மடக்கி விரித்ததில் வழுவழுவென்று ஓடத் தொடங்கியது. நான் எமரித் தாளை எடுத்துத் தேய்த்தேன். துருவுக்கு அடியில் நல்ல எஃகு. சந்தோஷமாக இருந்தது.

கூர்ப் பக்கம் வந்ததும் கை நின்றது.

கூரே இல்லை. வெட்டி வெட்டித் தேய்ந்த கத்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வயிற்றுப் பக்கம் அதிகம் தேயும், அடிப்பக்கம் அப்படியே இருக்கும். இது அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தட்டையாக இருந்தது. பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தேன். தட்டையான அந்த விளிம்பு முழுக்க நீளவாக்கில் கோடுகள், துணியின் பாவு நூல் மாதிரி. கத்தியைச் செங்குத்தாக நிறுத்திக் கல்லில் முன்னும் பின்னும் இழுத்தால்தான் அப்படி விழும். யாரோ வெகுநேரம் உட்கார்ந்து இந்தக் கத்தியைக் கத்தியாக இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள்.

அண்ணாச்சியும் பார்த்தார். “வேணும்னே செஞ்சிருக்காவ. குடு, வீல்ல ரெண்டு நிமிசம் காட்டுனா சவரமே பண்ணலாம்.” மோட்டாரைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். சாணைச் சக்கரம் வேகம் பிடித்தது. கூர்ப் பக்கமே போகாதே என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது என்று சொல்லவேண்டும்.

“வேண்டாம் அண்ணாச்சி. கேட்டுட்டு வாரேன்.”

டவுன் பஸ்ஸில் வரும்போது யாராக இருக்கும் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். கத்தியைக் கொண்டுவந்த பட்டாளத்துத் தாத்தா. போலீஸில் இருக்கும் அப்பா, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஒரு ஜாக்கிரதைக்காக. முன்பு எங்கள் வீட்டை நிர்வகித்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. அம்மா அந்தப் பட்டியலில் இல்லை.

நான் போனபோது அம்மா கொல்லையில் அம்மி முன்னால் உட்கார்ந்து அக்காவுக்குப் பிரசவ மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். சுக்கும் பூண்டும் நெடியடித்தன.

“அம்மா, இந்தக் கத்தியோட கூர யாரு அழிச்சது?”

அவள் நிமிரவில்லை. “விரிச்சிட்டியா?”

“யாரும்மா?”

“நாந்தான். இந்த அம்மியிலதான்.”

ஏதோ வேடிக்கையான கதை வரப்போகிறது என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“நீ பொறந்து ஒம்பதாம் நாளு,” என்றாள் அம்மா. “நீ அழுதுக்கிட்டே கெடந்த. எனக்கு ஒரு வாரமா ஒறக்கமே கெடையாது. சோறு எறங்கல. மத்தியான நேரம், பக்கத்துல யாரும் இல்ல. தலமாட்டுல இருந்து கத்திய எடுத்து விரிச்சேன். உன்னப் பாத்தேன். அப்படியே எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. பொறவு மடக்கி வச்சிட்டேன்.”

“எதுக்கும்மா விரிச்சே?”

“அது தெரிஞ்சா இம்புட்டு வருசம் ஏன் சொல்லாம இருக்கேன்?”

என் கையில் எண்ணெய் வாடை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவ்வளவு வருடமும் என் தலையை வாரி, எனக்கு டிபன் கட்டி, பஸ் ஏறும்வரை தெருமுனையில் நின்ற கை அது. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழவியை முன்னும் பின்னும் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தது.

“உங்க அத்தைகிட்ட, இத எடுத்துருங்க மதினின்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்ல முடியுமா? இரும்ப எடுத்தா காத்துக் கருப்பு அண்டிரும்னு திரும்ப வச்சிட்டாவ. நான் கட்டிலுக்கு அடியில தள்ளுனேன். அதையும் எடுத்து வச்சாவ. மறுநா அவிய குளிக்கப் போன நேரம் சுவரப் பிடிச்சுக்கிட்டே இங்க வந்து தேச்சேன். வெத்தலகூட அறுபடாதுன்னு ஆன பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

“அப்படின்னா அக்காவுக்கு எதுக்கு வைக்கணும்? ஒண்ணுமே வேண்டாம்னு விட்ரும்மா.”

“அவ மாமியா வந்ததும் மொதல்ல தலமாட்டத்தான் தடவிப் பாப்பாவ. இது இல்லன்னா அவிய வீட்டுல இருந்து ஒண்ணு வரும். அது எம்புட்டுக் கூரா இருக்குமோ யாருக்குத் தெரியும்? இது கெடந்தா அந்த எடம் நெறஞ்சிரும்.”

சொல்லிக்கொண்டே கையைத் துடைத்துவிட்டுக் கத்தியை வாங்கினாள். கட்டைவிரல் நகத்தை வைத்தாள். அலகு சத்தமில்லாமல் முழுதாக விரிந்து நின்றது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“எண்ணெ போட்டியா?”

“ஆமா.”

“உன் படிப்புல கொள்ளிய வைக்க. கூரு போனாலும் நுனி குத்தாதா? அந்தத் துருதாம்ட்டி அதுக்குப் பூட்டு.”

துருவை ஒரு குறையாகத் தவிர வேறு எதுவாகவும் நான் பார்த்ததில்லை. சாணை பிடிக்காமல் வந்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டு வந்திருந்தேன். பாதிக் காரியத்தை ஏற்கெனவே கெடுத்துவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை நேரே அண்ணாச்சியிடம் போனேன். மூட்டிலுள்ள ரிவிட் ஆணியை அடித்து இறுக்கி, கத்தி விரியாதபடி செய்துதரச் சொன்னேன்.

“நேத்து தொறன்னே, இன்னைக்கு அடைங்குற. நாளைக்கு என்ன, உருக்கணுமா?”

“பிள்ளை வீடு அண்ணாச்சி,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சுத்தியலால் இரண்டு அடி. நானே இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வீட்டுக்கு வந்து கொதிநீரில் போட்டு எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். அக்கா வந்து படுத்தாள். அவள் மாமியார் வந்தார், தலையணைக்கு அடியில் தடவினார், “சுத்தமா வச்சிருக்கீக” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் டைரியில் குறித்துவந்தேன். திங்கள்கிழமை இரண்டு மணி நேரத் தூக்கம், செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை இல்லை. குறித்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் கொடுக்க அறைக்குள் போனேன். குழந்தை தொட்டிலில் உறங்கியது. அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கத்தி அவள் மடியில் கிடந்தது.

“ஏட்டி, இத வெளிய கொண்டு போயிரு,” என்றாள்.

“ஏங்க்கா?”

“விரிச்சுப் பாத்தேன். வரல.”

அவள் கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் கசிந்திருந்தது. ஒருமுறை முயன்றால் நகம் அப்படிப் பிளக்காது. கையில் இருந்த தம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. எதற்கு விரித்தாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, டாக்டரம்மாகிட்ட போவோம்.”

“பைத்தியம்னு எழுதிருவாவளாட்டி?”

“காய்ச்சலுக்குப் போற மாதிரிதான். ஒறக்கம் இல்லன்னு சொல்லுவோம். விரிச்சதையும் சொல்லுவோம்.”

வாசலில் அம்மா மருந்து உருண்டையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நாற்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவள் படி தாண்டக் கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். மருந்தை ஜன்னலில் வைத்துவிட்டுத் தொட்டிலில் இருந்து குழந்தையைத் தூக்கினாள்.

“அக்கா மாமியா கேட்டா?” என்றேன்.

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ போய் வண்டியக் கூப்புடு. நானும் வாரேன்.”

டாக்டரம்மா வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர். ஞாயிறு என்றாலும் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே போவதற்கு முன் அம்மா குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள். டாக்டரம்மா சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, “யாருக்கு?” என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டக் கையை நீட்டினேன். அதற்குள் அம்மா முன்னால் போய் நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.